அலாஸ்கா கப்பலும் டிப்ஸ் பணமும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். நானும் வீட்டுக்காரரும் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். மகள் சியாட்டிலில் இருக்கிறாள். வருகிற ஜூனில் எங்களை 7 இரவு அலாஸ்கா க்ரூஸுக்கு அழைத்துப் போகிறாள். சியாட்டிலில் ஏறி ஜூனோ, கெட்சிகன், கிளேசியர் பே, கடைசியில் விக்டோரியா என்று சுற்றித் திரும்புகிற கப்பல். இதுவரை நாங்கள் கடலில் போனது விவேகானந்தர் பாறைக்குப் படகில் போனது மட்டும்தான்.

பால்கனி அறை அவசியமா? வாந்தி வருமா? நாங்கள் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எவ்வளவு கம்பளி உடுப்பு வேண்டும்? ஊர் சுற்றக் கப்பலிலேயே பணம் கட்டுவதா, வெளியே பார்த்துக்கொள்வதா?

கடைசியாக ஒன்று. டிப்ஸ் என்று தினமும் ஆளுக்கு இவ்வளவு என நம் கணக்கில் அவர்களே ஏற்றிவிடுகிறார்களாம். எங்கள் இருவருக்கும் 20,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. கவுண்டரில் போய்ச் சொன்னால் எடுத்துவிடுவார்கள் என்று ஒரு யூடியூப் வீடியோவில் பார்த்தேன். எடுத்துவிட்டு, நன்றாகக் கவனிப்பவருக்கு மட்டும் கையில் ஏதாவது கொடுத்தால் போதாதா?

ம., கோவை

அன்புள்ள ம.,

உடனே பதில் எழுத உட்கார்ந்தது அந்தக் கடைசிக் கேள்விக்காக. போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கரீபியன் போய்வந்தாராம். கவுண்டரில் ஒரு வார்த்தை சொன்னாராம், முழுப் பணமும் கழிந்துவிட்டதாம். சுற்றி இருந்தவர்கள் எப்படி, எந்தக் கவுண்டர் என்று விசாரித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அது மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அதற்கு வருகிறேன். மற்றதை முதலில் முடித்துவிடுவோம்.

மகள் பால்கனி அறை போட்டுவிட்டாள் என்றால் சந்தோஷமாக இருங்கள். போடவில்லை என்றால் கேட்காதீர்கள். மேல்தளத்தில் நின்றால் இரண்டு பக்கக் கரையும் தெரியும். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கிடைத்தால் ஆட்டம் குறைவு. சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த கடல் வழியாகத்தான் போகும். ஆடினால் அந்த ஒரு பகல், ஒரு இரவு ஆடும். தீவுகளுக்கு இடையே நுழைந்த பிறகு ஏரியில் போவதுபோல் இருக்கும். மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குமட்டல் வருவதற்கு முன்பே போட வேண்டும். அந்த மாத்திரையும் தினசரி மருந்துகளும் கைப்பையில் இருக்கட்டும். துறைமுகத்தில் கொடுத்த பெட்டி அறைக்கு வந்துசேர இரவாகலாம்.

சைவச் சாப்பாடு பற்றிக் கவலையே படாதீர்கள். டிக்கெட் போடும்போதே எழுதிவிடச் சொல்லுங்கள், முதல் நாள் இரவு சாப்பாட்டு அறைப் பொறுப்பாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். சமையலறையில் அநேகமாக ஒரு இந்தியர் இருப்பார், பருப்பும் சப்பாத்தியும் வந்துவிடும். குக்கர், கெட்டில், இஸ்திரிப்பெட்டி எதையும் கொண்டுபோகாதீர்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கப்பலில் பெரிய பயம் தீ.

கம்பளியை விட மழைக்கோட்டு முக்கியம். கெட்சிகனில் ஆண்டுக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் மழை. சென்னைக்கு ஒன்றரை மீட்டர்கூடக் கிடையாது. கனமான ஒரு கோட்டுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஊர் சுற்றுவது உங்கள் இஷ்டம். கப்பலிலேயே பணம் கட்டிய சுற்றுலா தாமதமானால் உங்களைக் கூட்டிச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வெளியே ஏற்பாடு செய்தால் கப்பல் உங்களுக்காக நிற்காது. ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, விமானம் அல்லது கப்பல்தான். அதனால் இரண்டு மணி நேரம் முன்பே திரும்பிவிடுங்கள்.

பனியாறுகள் கடலில் வந்து முடிகிற விரிகுடா கிளேசியர் பே. அங்கே இருக்கும் அந்த ஒரு நாளைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பலுக்கு மேல் அங்கே விடுவதில்லை. காலையில் தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் சிறு படகில் வந்து உங்கள் கப்பலில் ஏறுவார்கள், அவர்கள் ஒலிபெருக்கியில் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 1794இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் ஆட்கள் பார்த்தபோது பனி விரிகுடாவின் வாசலையே அடைத்துக்கொண்டு நின்றது. 1879இல் இயற்கை ஆய்வாளர் ஜான் மியூர் போனபோது 50 கிலோமீட்டர் போல உள்ளே பின்வாங்கியிருந்தது. இன்று நீங்கள் மார்ஜரி பனியாற்றைப் பார்க்க 100 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே போக வேண்டும். அங்கே கப்பல் மெதுவாகத் திரும்பி நிற்கும், இரண்டு பக்கத்துக்கும் காட்சி கிடைக்கும், இடம் பிடிக்க ஓட வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். பனிச்சுவர் உடைகிற சத்தம் உங்கள் காதுக்கு வர ஒன்றிரண்டு நொடி ஆகும். சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்த பிறகு எழும்பும் தண்ணீர்தான் தெரியும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, நீல நிறம் அடர்ந்த ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து அதையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். குளிரும். பரவாயில்லை.

சரி, அந்த 20,000 ரூபாய்.

எடுக்க முடியும். பெரும்பாலான கப்பல்களில் கேட்டால் எடுத்துவிடுவார்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் எடுக்கக் கூடாது. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றவர், இந்தக் கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்காமல் ஒரு யூடியூப்காரன் பேச்சைக் கேட்டு எழுதியதுதான் எனக்குக் கோபம்.

சியாட்டிலில் ஏறுவதற்கு முன் கப்பலின் பின்புறத்தைப் பாருங்கள். பெயருக்குக் கீழே ஒரு ஊர் எழுதியிருக்கும். நசாவ், பனாமா, ஹாமில்டன், இப்படி ஏதோ ஒன்று. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் அமெரிக்காவில் இருக்கும், ஏறுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள், ஆனால் கப்பல் பதிவாகியிருப்பது இன்னொரு நாட்டில். அமெரிக்கக் கொடியோடு கடலில் ஓடுகிற பெரிய பயணிகள் கப்பல் ஹவாயில் இருக்கும் ப்ரைட் ஆஃப் அமெரிக்கா ஒன்றுதான். மற்றக் கப்பல்களில் வேலை செய்பவருக்கு அமெரிக்காவின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. உலகத்துக்குப் பொதுவாக இருப்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம். அது அனுமதிக்கும் உச்ச வரம்பு என்ன தெரியுமா? 24 மணி நேரத்தில் 14 மணி நேர வேலை, வாரத்துக்கு 72 மணி நேரம். ஆறு முதல் ஒன்பது மாதக் காண்ட்ராக்ட், அதில் வார விடுமுறை என்று ஒரு முழு நாள் கிடையாது. காண்ட்ராக்ட் முடிந்து இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு, அடுத்த காண்ட்ராக்ட் வரும்வரை பலருக்குச் சம்பளமும் கிடையாது. ஏஜென்டுக்குக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு ஏறியவர்களும் இருக்கிறார்கள், அந்த ஒப்பந்தம் அதைத் தடை செய்திருந்தும்.

உங்கள் கணக்கில் தினமும் ஆளுக்கு 16 முதல் 20 டாலர் என்று ஏறுகிற அந்த டிப்ஸ், இவர்களுடைய மாத வருமானத்தின் ஒரு பங்கு. அதை டிக்கெட் விலையில் சேர்க்காமல் வெளியே வைத்திருக்கிறார்கள், விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரிய வேண்டுமே, அதற்காக. அது நிறுவனங்களின் தவறு, சந்தேகமே இல்லை. 'சம்பளம் கொடுக்க வேண்டியது முதலாளி, நான் ஏன் கொடுக்க வேண்டும்' என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். கேளுங்கள், நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள், அந்தக் கப்பலில் ஏறாமலே இருங்கள். ஏறிவிட்டு, அறையைத் துடைத்தவனின் பங்கை எடுத்து உங்கள் பையில் போட்டுக்கொண்டு அதை முதலாளியோடு போட்ட சண்டை என்று சொல்லாதீர்கள். முதலாளிக்கு அதில் ஒரு காசு நஷ்டமில்லை.

நன்றாகக் கவனிப்பவருக்குக் கையில் கொடுப்பேன் என்கிறீர்கள். உங்கள் கண்ணில் படுகிறவர்கள் இரண்டு மூன்று பேர். உங்கள் படுக்கை விரிப்பைத் துவைப்பவரை நீங்கள் பார்க்கப்போவதில்லை. நள்ளிரவு வரை தட்டு கழுவுகிறவரையும் பார்க்கப்போவதில்லை. அந்தப் பொதுப் பணத்தில் பல கப்பல்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பந்தியில் பரிமாறியவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, பின்கட்டில் அடுப்படியில் வெந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற காரியம் இது. சில கப்பல்களில், பொதுப் பணத்தை எடுத்துவிட்ட பயணி கையில் கொடுப்பதைக்கூட ஊழியர் பொதுவில் சேர்த்துவிட வேண்டும் என்பது விதி.

ஜூனோவில் நான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே துறைமுகத்தை ஒட்டிக் கார் நிறுத்துகிற பல மாடிக் கட்டிடம் இருக்கிறது. அதன் உச்சியில் பொது நூலகம். மழைக்கு ஒதுங்க மேலே போனேன். உள்ளே ஜன்னலோரம் கப்பல் ஊழியர்கள் சிலர் போனோடு உட்கார்ந்திருந்தார்கள். கப்பலில் இணையத்துக்கு அவர்களும் காசு கொடுக்க வேண்டும், நூலகத்தில் இலவசம். அங்கே என் அறையைச் சுத்தம் செய்கிற பையனும் இருந்தான். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன், முப்பது வயது இருக்கும். 18 அறைகள் அவன் பொறுப்பு. முதல் நாள் 'மேடம்' என்றவன், தமிழ் என்று தெரிந்ததும் 'அம்மா' என்று மாறியிருந்தான்.

பேசாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் போனதும் எழுந்திருக்கப் பார்த்தான், தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். திரையில் இருட்டறை, நைட் லாம்ப் வெளிச்சத்தில் தூங்குகிற ஒரு பெண் குழந்தை. மனைவி போனைக் குழந்தை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டிருக்கிறாள். ஜூனோவில் மதியம் ஒன்றரை என்றால் நம் ஊரில் மறுநாள் அதிகாலை மூன்று. "எனக்கு பிரேக் கிடைக்கப்ப ஊர்ல எல்லாரும் தூங்கியாச்சும்மா. என்ன செய்ய?" என்றான். குழந்தை பிறந்த இருபதாம் நாள் கப்பல் ஏறியவன். அவளை விழித்த கண்ணோடு அந்த வாரம் முழுக்கப் பார்க்கவில்லை என்றான். போனைப் பிடித்திருந்த விரல்களின் இடுக்கெல்லாம் வெடித்து, ஒன்றில் பிளாஸ்திரி. கழிவறை மருந்து பட்டது. மூன்று மணிக்கு அவன் மறுபடி டூட்டியில் இருக்க வேண்டும்.

அவன் பங்கைத்தான் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இன்னும் ஒன்று. ஏறிய அன்றே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும், சலித்துக்கொள்ளாமல் போங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று விதி மாறியது அதற்குப் பிறகுதான். அந்தப் பயிற்சியில் உங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டக் காட்டுகிறவர் வேறு யாருமில்லை, சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஊற்றுகிறவர், படுக்கை விரிக்கிறவர். ஆபத்து என்றால் உங்களைப் படகில் ஏற்றி அனுப்புகிற பொறுப்பும் அவர்களுக்குத்தான்.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில், கொரோனாவுக்காக டைமண்ட் பிரின்சஸ் கப்பலை நிறுத்திவைத்தார்களே, அதில் 3,711 பேர் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊழியர்கள், அவர்களில் 132 பேர் இந்தியர்கள். பயணிகள் அறைக்குள் தனிமையில் இருக்க, ஒவ்வொரு வேளையும் கதவைத் தட்டிச் சாப்பாடு கொடுத்தது அந்த ஊழியர்கள். தனி அறை இல்லாமல், ஒன்றாகத் தூங்கி ஒன்றாகச் சாப்பிட்டு, அந்த வேலையைச் செய்தார்கள். கப்பலில் மொத்தம் 700 பேருக்கு மேல் தொற்று. நம் பையன்கள் போனில் வீடியோ எடுத்து, எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம். அப்போது கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் இப்போது கவுண்டரில் போய் நிற்கிறார்கள்?

பணத்தை எடுக்காதீர்கள். கடைசிக்கு முந்தின இரவே அறைப் பையனுக்கும் மேசைக்காரருக்கும் தனியாக, உங்களால் முடிந்ததை, கையில் கொடுங்கள். பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு படிவம் வரும், அதில் அவர்கள் பெயரைப் பிழையில்லாமல் எழுதி இரண்டு வரி பாராட்டுங்கள். மேலதிகாரிகள் அதைப் படிக்கிறார்கள், அடுத்த காண்ட்ராக்டுக்கு உதவும். நீங்கள் டீச்சர், நல்ல தமிழில் நாலு வார்த்தை அந்தப் பிள்ளைகளிடம் பேசுங்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

கேட்காத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அமெரிக்காவில் 1886இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடிக் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆளை ஏற்றி அங்கேயே கொண்டுவந்து இறக்குவதானால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். உங்கள் கப்பல் கடைசி நாள் மாலை விக்டோரியாவில் நிற்பது அதற்காகத்தான். விக்டோரியா கனடாவில் இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா வேண்டும், நான் இறங்கவே போவதில்லை என்று சொல்லிப் பார்க்காதீர்கள், சியாட்டிலிலேயே ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குள் திரும்புவதால், அமெரிக்க விசா பலமுறை நுழைகிற விசாவாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் இது அவள் ஞாபகத்துக்கே வந்திருக்காது. கனடா விசாவுக்குக் கைரேகை கொடுக்கப் போக வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். இன்று ராத்திரியே அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா