எவர்களுள் மூத்தவர்?

வணக்கம்.

தமிழ் படிக்கத் தெரியாத என் பேரப்பிள்ளைகளுக்காக எங்கள் குடும்ப வரலாற்றை ஆங்கிலத்தில் சிறு நூலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில், என் தந்தையின் இரு மகன்களில் நான் 'எல்டஸ்ட்' என்று எழுதியிருந்தேன். என் பேத்தி அதை 'எல்டர்' என்று திருத்தினாள். நண்பர் ஒருவரோ இரண்டுமே பழைய வழக்கு, இக்காலத்துக்கு 'ஓல்டர்', 'ஓல்டஸ்ட்' ஆகியவையே பொருந்தும் என்கிறார். யார் சொல்வது சரி? 'எல்டர் தேன்' (இன்னாரை'விட' மூத்தவர்) என்று எழுதலாமா? விதி ஏதும் இருந்தால் ஒரே வரியில் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஆங்கிலம் விதியே இல்லாத மொழி, மனப்பாடம் ஒன்றுதான் வழி.

(எனக்கு முன் ஓர் அண்ணன் இருந்தான். நான் பிறப்பதற்கு முன்பே, நான்கு வயதில் இறந்துவிட்டான். அவனை எங்கள் வீட்டில் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே இருவர் என்றே கொள்ளவும்.)

— ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

மொழிச் சந்தேகங்களுக்கு நான் வழக்கமாகப் பதில் எழுதுவதில்லை; அகராதிகள் என்னைவிடப் பொறுமையானவை. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டதற்கு அந்த அடைப்புக்குறியும் ஒரு காரணம், அண்மையில் ஒரு தொகைநூலுக்கான ஆங்கில ஆசிரியர் குறிப்புகளைப் படித்துவிட்டு எரிச்சலோடு இருந்தேன் என்பது இன்னொரு காரணம். அதில் எழுதியவர்களில் பாதிப்பேர் 'யங்கஸ்ட்', மீதிப்பேர் 'ஒன் ஆஃப் த யங்கஸ்ட்'.

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். 'எல்டர்', 'எல்டஸ்ட்' இரண்டும் பெரும்பாலும் ஒரு குடும்பத்துக்குள் பிறப்பு வரிசையைச் சொல்ல வருபவை. கட்டடத்துக்கோ மரத்துக்கோ அவை ஆகா. இருவர் என்றால் 'எல்டர்', மூவரோ அதற்கு மேலோ என்றால் 'எல்டஸ்ட்' என்பது பாடநூல் விதி. அந்த விதிப்படி உங்கள் பேத்தி செய்த திருத்தம் சரி. நண்பர் சொல்வதும் பிழையில்லை, 'ஓல்டஸ்ட் ஸன்' என்று இன்று தாராளமாக எழுதுகிறார்கள். ஆனால் 'எல்டர்' வழக்கொழிந்த சொல் என்பது மிகை. 'எல்டர் தேன்' வேண்டாம். 'தேன்' வந்தால் 'ஓல்டர்' மட்டுமே.

இனி, ஆங்கிலம் விதியே இல்லாத மொழி என்று நீங்கள் போகிறபோக்கில் எறிந்த கல்லைப் பற்றி. ஐயா, பேரப்பிள்ளைகளுக்கு வரலாறு எழுதப் புகுந்தவர் சொற்களுக்கும் வரலாறு இருக்கும் என்று ஒரு கணம் எண்ணியிருக்க வேண்டாமா? பழைய ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சில பெயரடைகளோடு ஒப்பீட்டு விகுதி சேரும்போது உள்ளிருக்கும் உயிரொலி திரிந்தது. 'லாங்', 'ஸ்ட்ராங்' ஆகியவையும் அவ்வாறே திரிந்தவைதான். ஜெர்மானிய மொழியில் 'ஆல்ட்' என்பது 'எல்ட்டர்' என்று இன்றும் திரிகிறது. 'எல்டர்', 'எல்டஸ்ட்' அந்தப் பழைய விதிக்குக் கட்டுப்பட்டுப் பிறந்தவை. 'ஓல்டர்', 'ஓல்டஸ்ட்' பிற்காலத்தில் மற்றப் பெயரடைகளைப் பார்த்து அமைத்துக்கொண்டவை. நீங்கள் விதிவிலக்கு என்று மனப்பாடம் செய்ததுதான் குடும்பத்தில் மூத்த வடிவம்.

இருவருக்கு ஒருபோதும் சூப்பர்லேட்டிவ், அதாவது 'எஸ்ட்' என்று முடியும் வடிவம், ஆகாது என்பதையும் கல்லில் பொறிக்க வேண்டியதில்லை. 1815 டிசம்பரில் வெளிவந்த 'எம்மா' நாவலின் தொடக்கத்திலேயே ஜேன் ஆஸ்டின் தம் நாயகியை 'த யங்கஸ்ட் ஆஃப் த டூ டாட்டர்ஸ்' என்றே அறிமுகம் செய்கிறார். பேத்தியிடம் இதைச் சொல்லுங்கள். தேர்வில் மட்டும் பின்பற்ற வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருப்பது வேறு. இளம்வயதில் நான் ஓர் ஆங்கில இதழில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். அங்கே ஒரு முதிய துணையாசிரியர் இருந்தார். குரலை உயர்த்தாதவர், ஆனால் அவருடைய மேசையிலிருந்து திரும்பி வரும் தாள்களைப் பார்த்தால் எவருக்கும் வயிறு கலங்கும். 'எஸ்ட்' என்று முடியும் பெயரடை எங்கே வந்தாலும் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் "எவர்களுள்?" என்று மட்டும் எழுதுவார். பதில் கிடைக்கும்வரை அந்தச் செய்தி நகராது. "யங்கஸ்ட்" என்று ஒருமுறை நான் ஆசையாகத் தலைப்பு வைத்தபோது, இந்தச் சொல் ஒருவரைப் பற்றிய கூற்றே அல்ல, பெயர் சொல்லப்படாத மற்ற எல்லாரைப் பற்றிய கூற்று, அவர்கள் அத்தனை பேருடைய வயதும் உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது. தலைப்பை மாற்றினேன். அவர் பெயரை இங்கே எழுதினால் அந்த உலகத்திலிருந்தே கோபித்துக்கொள்வார், ஆகவே விடுகிறேன்.

அவர் கேட்டதைத்தான் நான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன், இப்போது உங்களையும் கேட்கிறேன். அமெரிக்காவின் மிக இளைய அதிபர் யார்? கென்னடி என்பார்கள், தியோடர் ரூசவெல்ட் என்பார்கள், இரண்டுமே சரி. 1901-இல் மெக்கின்லி கொல்லப்பட்டபோது துணை அதிபராக இருந்த ரூசவெல்ட் 42 வயதில் அதிபரானார். தேர்தலில் வென்று அதிபரானவர்களுள் இளையவர் கென்னடி, அவருக்கு 43. பதவிக்கு வந்தவர்களுள் என்றால் ஒருவர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் என்றால் இன்னொருவர். அந்த 'உள்' இல்லாமல் எழுதப்பட்ட வாக்கியம் பொய்யென்று சொல்ல முடியாது, ஆனால் மெய்யென்றும் சொல்ல முடியாது.

நோபலைப் பாருங்கள். 1915-இல் தம் தந்தையோடு இயற்பியல் பரிசைப் பெற்றபோது லாரன்ஸ் பிராக்குக்கு வயது 25. பரிசு பெற்றவர்களுள் 'யங்கஸ்ட்' என்ற இடம் கிட்டத்தட்ட நூறாண்டு அவரிடம் இருந்தது. 2014-இல் 17 வயது மலாலா அமைதிப் பரிசு பெற்றதும் அது கைமாறியது. ஆனால் இயற்பியலுக்குள் பிராக்கை இன்றும் எவரும் அசைக்கவில்லை. வேலியைச் சற்று நகர்த்தி நட்டால் உள்ளே இருப்பவர் மாறிவிடுகிறார்.

முதுமைக்கும் இதே நியாயம்தான். 1997-இல் இறந்த பிரான்ஸின் ஜீன் கால்மென்ட், வயது சரிபார்க்கப்பட்ட மனிதர்கள் எல்லாருள்ளும் அதிக காலம் வாழ்ந்தவராகக் கொள்ளப்படுகிறார்: 122 ஆண்டுகளும் 164 நாள்களும். அது 'ஓல்டஸ்ட் எவர்'. 'ஓல்டஸ்ட் லிவிங்' என்பது வேறு. அந்தப் பட்டம் ஒருவர் இறக்கும் நொடியிலேயே, உலகில் எங்கோ இருக்கும் இன்னொருவருக்கு அவர் அறியாமலே போய்ச் சேர்கிறது. 'லிவிங்' என்ற சொல் அலங்காரத்துக்கு ஒட்டியதென்று எண்ணி அதை வெட்டுகிற மெய்ப்புத் திருத்துநர்களை எனக்குத் தெரியும். வாக்கியத்தில் முதுகெலும்பே அந்தச் சொல்தான்.

'எல்டர்', 'யங்கர்' என்று பெயரோடு ஒட்டி நிற்கும் பட்டங்களும் எவரோடு ஒப்பிட்டு என்று தெரியாவிட்டால் குழப்பும். 1783-இல் 24 வயதில் பிரிட்டனின் பிரதமரான வில்லியம் பிட்டை 'த யங்கர்' என்கிறோம். அவர் தம் உடன்பிறந்தாருள் கடைசி அல்லர், அவருக்கு ஒரு தம்பி இருந்தார். அதே பெயர் கொண்ட தந்தையிடமிருந்து பிரித்துக் காட்டவே அந்த 'யங்கர்'.

நாம் தடுமாறுவதற்குத் தமிழ் ஒரு காரணம் என்றால் அது பாதிதான் உண்மை. 'மூத்த மகன்' என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் இருவரா எண்மரா என்பதைப் பற்றி நமக்குக் கவலையில்லை. எல்டருக்கும் எல்டஸ்டுக்கும் சேர்த்து ஒரே சொல். ஆனால் துல்லியமாகச் சொல்ல விரும்பினால் தமிழில் வட்டத்தை வரைந்தே தீர வேண்டும்: 'இருவருள் மூத்தவர்', 'எல்லாரிலும் இளையவர்'. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் ஒப்பும் எல்லையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே எல்லை என்பது வேறு பொருளில் வருகிறது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த அண்டைத்தனம் எனக்குப் பிடிக்கும்.

இப்போது உங்கள் அடைப்புக்குறிக்கு வருகிறேன். ஐயா, ஒரு விகுதிக்காக ஒரு பத்தி எழுதிவிட்டு, நான்கு வயதில் போன அண்ணனை அடைப்புக்குறிக்குள் வைத்து, 'இருவர் என்றே கொள்ளவும்' என்று எனக்கு ஆணையும் இட்டிருக்கிறீர்கள். எப்படிக் கொள்வேன்? எல்டரா எல்டஸ்டா என்று நீங்கள் தடுமாறுவது ஆங்கிலத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. 'எவர்களுள்?' என்பதற்கு உங்கள் வீட்டில் எவரும் விடை சொல்லாமல் விட்டதால்தான் கை தானாக 'எல்டஸ்ட்' என்று எழுதியிருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கில் சேர்ப்பதில்லை என்கிறீர்கள். எவர் கணக்கில்? உங்கள் தாயார் அந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார் என்று, அவரை அறியாத நானே சொல்வேன். பெரியவர்கள் பேசாமல் இருந்தது துயரத்தால். அவர்களுக்கு அது பொருந்தும். வரலாறு எழுத உட்கார்ந்த உங்களுக்கு அந்த உரிமை கிடையாது.

ஆங்கிலத்தில் இதற்கு வழியில்லாமல் இல்லை. ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர் 1502-இல், 15 வயதில் இறந்தார். அதனால்தான் தம்பி 1509-இல் எட்டாம் ஹென்றியாக அரியணை ஏறினார். அவரை வரலாற்றாசிரியர்கள் 'செகண்ட் ஸன்' என்றும் எழுதுவார்கள், 'ஒன்லி சர்வைவிங் ஸன்' என்றும் எழுதுவார்கள். முதலாவது பிறந்தவர்களுள், இரண்டாவது எஞ்சியவர்களுள். வெறும் 'ஒன்லி ஸன்' என்று மட்டும் எழுதினால் ஆர்தர் பிறக்கவே இல்லை என்றாகிவிடும்.

உங்கள் முதல் பக்கத்துக்கு நான் எழுதித் தருவது இது: 'த செகண்ட் ஆஃப் த்ரீ ஸன்ஸ், அண்ட் த எல்டர் ஆஃப் த டூ ஹூ லிவ்ட்.' பேத்தி போட்ட 'எல்டர்' அப்படியே நிற்கிறது, அவளுடைய திருத்தம் வீணாகவில்லை. மூவர் என்று வந்துவிட்ட பிறகு வாசிக்கும் பிள்ளைகள் முதலாமவர் யார் என்று கேட்பார்கள். ஆகவே அடுத்த வாக்கியத்தில் அண்ணன் பெயரையும், தெரிந்தால் பிறந்த ஆண்டையும் எழுதுங்கள். உங்கள் தம்பியைப் பற்றிய பக்கங்களில் 'மை யங்கர் பிரதர்' என்று வரும் இடங்களை மாற்ற வேண்டாம், அது உங்களோடு ஒப்பிட்டுச் சொன்னது. தந்தையின் பிள்ளைகள் என்ற வரிசையில் அவரைச் சொல்லும் இடங்களில் மட்டும் 'யங்கரை' அடித்துவிட்டு 'யங்கஸ்ட்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.