பில் போட்ட நாளும் பணம் வந்த நாளும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எனக்கு 44 வயது. ஒரகடத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் 20 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கடைசி ஏழு ஆண்டுகளாகக் கொள்முதல் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, அம்பத்தூரில், கணினி வழி இயங்கி உலோகத்தைக் கடையும் இரண்டு சி.என்.சி. மெஷின்களோடு சொந்தப் பட்டறை போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. எங்கள் நிறுவனமே ஆர்டர் தரும் என்று மேலதிகாரி வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். மனைவி வேலைக்குப் போகவில்லை. மகள் பத்தாம் வகுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை நோய். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஃபால்குனி நாயர் 49 வயதில் வேலையை விட்டுத்தானே, இணையத்தில் அழகுப் பொருள்கள் விற்கும் நைக்கா நிறுவனத்தைத் தொடங்கினார் என்று சொல்லிப் பார்க்கிறேன். ஆனால் எனக்கே துணிச்சல் போதவில்லையோ என்று இரவில் தோன்றுகிறது. நீங்களும் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டுப் பட்டறை தொடங்கியவர். நான் என்ன செய்யட்டும்?

கே.

அன்புள்ள கே. அவர்களுக்கு,

இருபது ஆண்டுகள் ஓர் இடத்தில் நிலைத்து உழைத்தவரிடம் துணிச்சல் இல்லை என்று நான் நினைக்கவில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மெஷின் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது. பில் அனுப்பினால் எத்தனை நாளில் பணம் வரும் என்பது மட்டும் அதில் இல்லை. நீங்கள் இரவில் கணக்குப் போட வேண்டியது அதைத்தான்.

பட்டறை தொடங்கிய முதல் வருடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்திற்கு 2,40,000 ரூபாய்க்குப் பொருள் அனுப்பியிருந்தேன். சரக்கில் குறை இல்லை. அது அவர்களுடைய லைனுக்குப் போய் வண்டியிலும் ஏறிவிட்டது. பணம் வரவில்லையே என்று கணக்குப் பிரிவுக்குப் போனபோது, அங்கிருந்த இளைஞர் என் டெலிவரி சலானை எடுத்துக் காட்டினார். கிடங்குப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது. அந்த ஒரு கையெழுத்து விழ 41 நாட்கள் ஆயின. நான் கணக்குப் பிரிவுக்குப் போன அன்று வெள்ளிக்கிழமை, மறுநாள் ஆறு பேருக்கு வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கைமாற்று வாங்கிக் கொடுத்தேன். அவருக்கும் அப்போது வர வேண்டிய பணம் எங்கோ நின்றிருந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் இருந்த காலத்தில் இதே காரணத்தைச் சொல்லி நானும் எத்தனையோ பில்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் காகிதத்திற்குப் பின்னால் ஒரு சனிக்கிழமை இருக்கிறது என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

இப்போது உங்கள் பட்டறையைக் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 5 லட்ச ரூபாய்க்குப் பில் போடுகிறீர்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. மூலப்பொருள் வரியோடு 2,36,000, கூலி ஒரு லட்சம், வாடகையும் மின்சாரமும் 50,000, மெஷின் கடனுக்கான தவணை 64,000. ஆக மாதம் நான்கரை லட்சம் கையிலிருந்து போகிறது. மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், மாதம் 86,000 ரூபாய் மிஞ்சும் தொழில் இது. காகிதத்தில் நல்ல தொழில்தான். ஆனால் பில் போட்டு 90 நாள் கழித்துத்தான் வாடிக்கையாளர் பணம் தருவார் என்றால், முதல் மாத வேலைக்கு மாதக் கடைசியில் பில் போட்டு, நான்காம் மாதக் கடைசியில்தான் முதல் ரூபாயைப் பார்ப்பீர்கள். அதற்குள் நான்கு மாதச் செலவு 18 லட்சம் போயிருக்கும். வாடிக்கையாளர் பணம் தந்தாரோ இல்லையோ, பில் போட்ட மாதத்தின் ஜி.எஸ்.டி.யை மறுமாதம் கட்டியாக வேண்டும். மூலப்பொருள் வரி போக மாதம் 54,000 வீதம் மூன்று முறை, 1,62,000. மொத்தம் 19,62,000 ரூபாய். வீட்டுச் செலவு இதில் சேரவில்லை. மூலப்பொருள் விற்பவர் முப்பது நாள் பொறுத்தால் கொஞ்சம் குறையும். புதியவருக்கு அப்படிப் பொறுப்பவர்கள் குறைவு. என் பழக்கத்தில் மூடிய பட்டறைகளில் பலவும் நஷ்டத்தில் மூடியவை அல்ல, இந்த இடைவெளியில் மூச்சு முட்டி மூடியவை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆகவே சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முதல் நாளே செய்துவிடுங்கள். ஆனால் இருக்கும் ஒரே வாடிக்கையாளர் மீது யார் புகார் கொடுப்பார்கள்? நான் கொடுத்ததில்லை. அதைவிடப் பயன்படுவது டிரெட்ஸ் என்னும் மின்தளம். வாங்குபவர் பில்லை ஒப்புக்கொண்டுவிட்டால், ஒரு வங்கி சிறிது தள்ளுபடியோடு உங்களுக்கு உடனே பணம் தந்துவிட்டு, தவணை நாளில் அவரிடம் வசூலித்துக்கொள்ளும். ஆண்டு விற்றுமுதல் 250 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்கள் இதில் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போதைய விதி. பதிவு செய்துவிட்டு ஒரு பில்லைக்கூட அதில் ஏற்றாத நிறுவனங்களும் உண்டு. ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மேலதிகாரியின் வாக்கை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவர் மாற்றலாகிப் போனால் அந்த வாக்கும் அவரோடு போய்விடும். அதுவுமல்லாமல், நீங்கள் கொள்முதல் நாற்காலியில் இருக்கும்வரை அந்த ஆர்டரைப் பற்றிப் பேசுவது முறையல்ல. மனைவி பெயரில் பதிவு செய்துகொண்டு தொடங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். இந்த வட்டாரத்தில் பெயர் ஒருமுறை கெட்டால் மீட்க முடியாது. வெளியில் இரண்டு வாடிக்கையாளர்கள் எழுத்தில் ஆர்டர் தரும்வரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஃபால்குனி நாயரைப் பற்றி ஒரு சொல். அவரை நான் மிகவும் மதிக்கிறேன். கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கோட்டக் மஹிந்திரா நிதிக் குழுமத்தில் இருந்து, பிறருடைய நிறுவனங்கள் பணம் திரட்டுவதையும் பங்குச் சந்தைக்குப் போவதையும் அருகிலிருந்து நடத்தியவர் அவர். 2012இல் அவர் வேலையை விட்டபோது, கணவர் ஒரு பன்னாட்டு முதலீட்டு நிறுவனத்தின் இந்தியத் தலைவராக இருந்தார். இது அவர் சாதனையைக் குறைக்காது. ஆனால் உங்கள் வீட்டில் உங்கள் சம்பளம் ஒன்றுதான் வருமானம்; உங்கள் மனைவியின் பயம் இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பார்க்கிறது. அவரைச் சமாதானப்படுத்தாதீர்கள், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 என்றால், இருபது ஆண்டுகளுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சுமார் 6,92,000 ரூபாய் வரும். அதை மெஷினுக்கு முன்பணமாகக் கொடுக்காமல் மனைவி பெயரில் வீட்டுச் செலவுக்கென்று போட்டு வையுங்கள். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே அம்மாவுக்குத் தனிப் பாலிசியை வேலையில் இருக்கும்போதே, இந்த மாதமே, எடுத்துவிடுங்கள். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது: இந்தத் தொழிலின் மறுபக்கம் ஏழு ஆண்டுகளாக உங்கள் மேசை மேல்தான் கிடக்கிறது. உங்களுக்குப் பொருள் தரும் சிறிய பட்டறைகளில் ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை மாலை போய் உட்காருங்கள். அதன் உரிமையாளரிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லி, கடந்த ஓராண்டில் பில் போட்ட தேதியையும் வங்கியில் பணம் ஏறிய தேதியையும் அவருடைய நோட்டிலிருந்து காட்டச் சொல்லுங்கள். அந்த நாட்களின் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள். புது மெஷினா, பழைய மெஷினா என்பதை அதன் பிறகு பேசலாம்.