செட்டிநாட்டுப் பழைய வீட்டுக்கு மின்சிக்கனக் கட்டட விதி பொருந்துமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பரம்பரை வீடு. பின்கட்டு ஒழுகுகிறது. அதை இடித்துவிட்டு கான்கிரீட்டில் இரண்டு மாடி கட்டி நாலு ஏசி போடலாம் என்று பங்காளிகள் சொல்கிறார்கள். இனி எல்லா வீட்டுக்கும் எரிசக்திச் சான்றிதழ் கேட்பார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. புதிதாகக் கட்டுவதற்கும், இருக்கிற முகப்பு, வளவுக்கும் (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) அது பொருந்துமா?

பதில்:

இருக்கிற வீட்டுக்குப் பொருந்தாது. புதிதாகக் கட்டுவதற்கும், நீங்கள் சொல்லும் அளவைப் பார்த்தால், பொருந்த வாய்ப்பில்லை. யாரும் சான்றிதழ் கேட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். ஆனால் அந்த விதிப் புத்தகத்தில் உள்ள சில எண்களைச் சட்டம் கேட்காவிட்டாலும் உங்கள் பின்கட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இந்தப் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதும் புது வீடு கட்டுவதும்தான் என் தொழில். அதனால் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறேன்.

அடிப்படை 2001-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டம். அதன் கீழ் பி.இ.இ. என்கிற எரிசக்தித் திறன் பணியகம் 2002-இல் வந்தது. ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் நட்சத்திரம் ஒட்டுகிறார்களே, அவர்கள்தான். வணிகக் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பை, அதாவது ஈ.சி.பி.சி.யை, 2007-இல் வெளியிட்டு 2017-இல் திருத்தினார்கள். வீடுகளுக்கென்று 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற தனித் தொகுப்பு 2018 டிசம்பரில் வந்தது. 2022-இல் சட்டத்தையே திருத்தி, பெரிய குடியிருப்புகளையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அது 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வாட்ஸப் செய்திக்கு வேர் இந்தத் திருத்தமாகத்தான் இருக்கும்.

அந்தச் செய்தி விட்டுவிட்ட விஷயம் 'பெரிய' என்பதற்கான அளவுகோல். கட்டடத்தின் இணைப்பு லோடு (எல்லாச் சாதனங்களின் வாட்டையும் கூட்டினால் வருவது) 100 கிலோவாட், அல்லது மின்வாரியத்தோடு ஒப்பந்தம் செய்த தேவை 120 கே.வி.ஏ. இதை எட்டினால்தான் சட்டத்தின் கண்ணில் அது 'கட்டடம்'. இந்த வரம்பைக் குறைத்துக்கொள்ள மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. விதிகளை உள்ளூர்த் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாற்றி அறிவிப்பதும் மாநிலத்தின் கையில்தான்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி நாலு போட்டால் ஆறேழு கிலோவாட். வாட்டர் ஹீட்டர் இரண்டுக்கு நாலு. மோட்டார், ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்த்தாலும் பதினைந்தைத் தாண்டினால் அதிகம். நூறு எங்கே, பதினைந்து எங்கே!

ஆனால் ஒரு விஷயம். பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து வீட்டை ஹெரிட்டேஜ் ஹோட்டலாக மாற்றலாம் என்று பேச ஆரம்பித்தால் கதை வேறு. அறைக்கு ஓர் ஏசி, ஒரு ஹீட்டர், விளக்கு, விசிறி என்று நாலு கிலோவாட் வைத்தாலே 25 அறையில் நூறு வந்துவிடும், அடுப்படியும் நீச்சல்குளத்து மோட்டாரும் தனி. அப்போது இருக்கிற கட்டடம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த அளவு லோடு உள்ள கட்டடத்தில் சேர்த்துக் கட்டுவதற்கும் மாற்றி அமைப்பதற்கும் ஈ.சி.பி.சி. பொருந்தும். கானாடுகாத்தான் பக்கம் இப்படி வீட்டை மாற்ற நினைக்கிறவர்கள் பிளான் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது. கட்டி முடித்தபின் கண்ணாடியை மாற்றுவது கொள்ளைச் செலவு.

இருக்கிற கட்டடங்களுக்கு பி.இ.இ. வைத்திருப்பது பெரும்பாலும் விருப்பத் திட்டம்தான். அலுவலகம், மால், மருத்துவமனை போன்றவற்றுக்கு ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கணக்குப் போட்டு நட்சத்திரம் கொடுப்பார்கள். வீட்டுக்கும் விருப்பப்பட்டால் லேபிள் வாங்கிக்கொள்ளலாம். லண்டனில் இருக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது 'இங்கே வாடகைக்கு விடவே சான்றிதழ் வேண்டும்' என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். இங்கிலாந்தில் 2018-லிருந்து 'ஈ' தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது, சில விலக்குகள் தவிர. அது அந்த ஊர்க் குளிருக்கான சட்டம், நமக்கு அது வரவில்லை.

சரி, வீட்டுக்கு வருவோம்.

ஈகோ நிவாஸ் சம்ஹிதாவில் நான் முதலில் பார்ப்பது கூரை. கூரையின் வெப்பக் கடத்தல் அளவு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. வெளிப்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக எத்தனை வாட் சூடு உள்ளே வருகிறது என்பதுதான் இந்த எண். வெறும் ஆறு அங்குல கான்கிரீட் தளத்துக்கு இது 3-க்கு மேல் போகும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தளத்தின் மேற்பரப்பு அறையைவிட 25 டிகிரி கூடுதலாகச் சுடுகிறது என்று வைத்தால், 1,100 வாட் அளவுக்குச் சூடு கீழே இறங்கும். தலைக்கு மேல் ஓர் அயர்ன் பாக்ஸை நிறுத்தாமல் ஓடவிட்டுக்கொண்டு, அதைத் தணிக்க ஏசி போடுகிற மாதிரிதான் இது. அதே தளத்தின் மேல் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். ஷீட்டோ பஃப் ஷீட்டோ (இரண்டும் சூடு தடுக்கும் நுரைப் பலகைகள்) வைத்து, அதற்கு மேல் சாந்தும் தட்டோடும் (தட்டையான ஓடு) பதித்தால் எண் 1-ஐ ஒட்டி வந்துவிடும், இறங்கும் சூடு 350 வாட்டுக்குள் அடங்கும். இரண்டு மாடி கட்டுகிறீர்கள் என்றால் இந்தச் செலவு மேல் மாடித் தளத்துக்கு மட்டும்தான். நாலு ஏசியில் ஒன்றைக் குறைத்தாலே அதற்கு வழி பிறக்கும்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, 'அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் மாதிரி வருமா?' என்பார். எனக்கும் அந்தத் தளத்தின் மேல் பிரியம் உண்டு. தேக்கு உத்தரம், குறுக்கே கட்டை, அதன் மேல் குத்துக்கல்லாக நிறுத்திய செங்கல், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து நாள் கணக்கில் இடித்த தளம், மேலே தட்டோடு. ஆனால் எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அதுவும் 2-ஐ ஒட்டித்தான் வருகிறது. விதிப்படி தேறாது! அப்படியானால் வளவில் நிற்கும்போது ஏன் அவ்வளவு குளிர்ச்சி? அதற்குக் காரணம் கூரை மட்டுமில்லை. சுவர் இரண்டடி கனம், பகல் முழுக்க வாங்கிய சூடு உள்ளே வந்து சேர ராத்திரி ஆகிவிடும், அதற்குள் முற்றம் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிடும். மச்சு உயரம். மேல் சன்னல் வழியாகச் சூடு வெளியே போக வழி இருக்கிறது. தாழ்வாரம் இருப்பதால் உள்சுவரில் நேர் வெயில் படுவதே குறைவு. இதில் ஒன்றை எடுத்துவிட்டாலும் மற்றவை தடுமாறும்.

இதனால்தான் முற்றத்தை மூடும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. குரங்குத் தொல்லை, மழைச்சாரல், திருட்டுப் பயம் எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் முற்றத்தின் நாலு பக்கச் சாய்ப்பு விளிம்போடு ஒட்டி ஃபைபர் ஷீட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். வெயில் உள்ளே வரும், சூடு வெளியே போகாது. மதியம் பட்டாலையில் (உட்காருகிற திண்ணைக் கூடம்) உட்கார முடியவில்லை என்று அப்புறம் அங்கேயும் ஏசி கேட்பார்கள். மூடித்தான் ஆக வேண்டும் என்றால் ஷீட்டை ஓட்டு விளிம்பிலிருந்து இரண்டு மூன்று அடி உயர்த்திச் சட்டம் போட்டு, சுற்றிலும் கம்பி வலை அடியுங்கள். குரங்கு வராது, மழை பெரும்பாலும் நிற்கும், சூடும் வெளியேறும். கிழக்கு மேற்கு வெயிலுக்கு மேலே ஒரு துணித் திரை இழுத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் ஒரு சாதாரண வெல்டர் செய்து கொடுப்பார்.

அடுத்தது சன்னல். வீட்டுச் சுவருக்கும் சன்னலுக்கும் சேர்த்து அந்தத் தொகுப்பில் ஒரே கணக்கு உண்டு. சதுர மீட்டருக்கு 15 வாட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அந்தச் சூத்திரத்தில் மூன்று பங்குகள். நம் போன்ற ஈர வெப்பப் பகுதிக்குச் சுவர் வழி வரும் சூட்டின் பெருக்கு எண் 5 சொச்சம், கண்ணாடி வழி கடத்தும் சூட்டுக்கு ஒன்றேகால் போல, கண்ணாடி வழியாக நேரே வரும் வெயிலுக்கு 65. அதாவது சுவரில் எந்தக் கல் என்று ஒரு மாதம் விவாதிப்பதைவிட, மேற்குப் பக்கம் கண்ணாடியைக் குறைத்து, வெயில் மறைக்க இரண்டடி சன்ஷேடு போடுவதில் பலன் அதிகம். சுவருக்கு ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுத் துளைகள் உள்ள லேசான கான்கிரீட் கல்) போட்டால் நல்லது, ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் பாதிச் சூடுகூட வராது. ஆனால் கொத்தனாருக்கு அந்தக் கல்லில் பழக்கம் வேண்டும், இல்லையென்றால் பூச்சில் வெடிப்பு விழும்.

காற்றுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். ஈர வெப்பப் பகுதியில் திறக்கக்கூடிய சன்னல், வெளிக்கதவுப் பரப்பு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். பன்னிரண்டுக்குப் பத்து அறை என்றால் 20 சதுர அடி. 'நாலுக்கு நாலு ஒன்று, ஐந்துக்கு நாலு ஒன்று, 36 வருகிறதே' என்று நினைக்காதீர்கள். இப்போது எல்லாரும் போடுகிற யூ.பி.வி.சி. (பிளாஸ்டிக்) ஸ்லைடிங் சன்னலில் பாதிதான் திறக்கும். 36 அடி 18 ஆகிவிடும். அதே இடத்தில் இரட்டைக் கதவு சன்னல் போட்டால் முழுக்கத் திறக்கும். உங்கள் முகப்பில் இருக்கிற பழைய பர்மா தேக்குச் சன்னலைப் பாருங்கள், அது அப்படித்தான் இருக்கும். பின்கட்டை இடிக்கும்போது வருகிற சன்னல்களை விற்றுவிடாமல் புதுச் சுவரில் வைக்கச் சொல்லுங்கள். வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, பின்கட்டை முழுக்க இடித்துத்தான் ஆக வேண்டுமா? ஒழுகல் என்றால் பல வீடுகளில் நாட்டு ஓடு சரிந்ததும், கூரை மரச் சட்டம் ஒன்றிரண்டு உளுத்ததும், மழைநீர் வடியும் கால்வாயில் இலை அடைத்ததும்தான் காரணம். ஓடு மாற்றத் தெரிந்த ஆளை வைத்து ஒருமுறை பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டு வெறும் கான்கிரீட் போட்டால் மின் கட்டணம்தான் கூடும். கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் இப்படிக் கட்டிய பின்கட்டுகளில் ராத்திரி எட்டு மணிக்குத் தளத்தின் அடியில் கை வைத்தால் இன்னும் கதகதப்பாக இருக்கும். பக்கத்திலேயே பழைய வளவில் பாயை விரித்துப் படுக்கிறார்கள்.

கட்டுவது என்று முடிவானால் முன்னுரிமை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: மேல் தளத்துக்கு இன்சுலேஷனும் வெள்ளைத் தட்டோடும், மேற்கே வெயில் மறைப்பு, முழுக்கத் திறக்கும் சன்னல். அப்புறம் பணம் மிஞ்சினால் சுவருக்கு ஏ.ஏ.சி. மின்விசிறி வாங்கும்போது பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ளது) வாங்குங்கள், பழைய விசிறி 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட்டை ஒட்டி இழுக்கும். பழுப்பேறிய பழைய ஏசியைக் கொண்டுவந்து புது அறையில் மாட்டாதீர்கள். சோலார் போடுவதானால் பின்கட்டுத் தளத்தில் போடுங்கள், முகப்பு ஓட்டின் மேல் வேண்டாம். பிரதமர் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் அது பெரும்பாலும் எப்போதோ காலமான பெரியவர் பெயரிலேயே இருக்கும். அடுத்த படைப்புக்கு (முன்னோர்களைக் கும்பிடும் குடும்ப வழிபாடு) பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வரும்போது, எந்தத் தளத்தில் எவ்வளவு செலவு என்று பேசுவதற்கு முன்னால், அந்தப் பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.