தேதி குறித்த பிறகு: கேள்வி பதில்

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு என்று முடிவானதிலிருந்து, இப்படிப்பட்ட பெரிய விழாக்கள் ஒரு நாட்டின் அரசியலை என்ன செய்கின்றன என்று பலர் கேட்கிறார்கள். சமகால வரலாறு சொல்லிக்கொடுப்பவன் என்பதால் என்னிடம் தள்ளிவிட்டார்கள். சரி, பார்ப்போம்.

திருச்சி, கல்லூரி மாணவி: சார், 1988 ஒலிம்பிக்தான் தென்கொரியாவுக்கு ஜனநாயகத்தைக் கொண்டுவந்தது என்கிறார்களே, ஒரு விளையாட்டுப் போட்டியால் ஆட்சி மாறுமா?

மாற்றியது மக்கள்தான் அம்மா. ஒலிம்பிக் செய்தது, ராணுவத்தின் கையைக் கட்டிப்போட்டது.

போட்டியைத் தலைநகர் சியோலுக்குக் கொண்டுவர முதலில் ஆசைப்பட்டவர் அன்றைய அதிபர் பார்க் சுங் ஹீ. அவர் 1979 அக்டோபரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்து ஆட்சியைப் பிடித்த தளபதி சுன் டூ ஹ்வான், 1980 மே மாதம் குவாங்ஜு நகரின் எழுச்சியை ராணுவத்தை ஏவி நசுக்கியவர். அந்த ரத்தக்கறையை மறைக்க அவருக்கு ஒரு பட்டுச்சட்டை தேவைப்பட்டது. 1981 செப்டம்பரில் ஜப்பானின் நகோயாவை 52-27 என்ற வாக்குக் கணக்கில் தோற்கடித்து, சியோல் ஒலிம்பிக்கை வாங்கிவிட்டது.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதுவரை வாய் திறக்காத தாய்மாமன் அப்போதுதான் முறுக்கிக்கொள்வார். அவர் கேட்டதும் அப்போதுதான் கிடைக்கும். 1987இல் கொரிய மாணவர்கள்தான் அந்தத் தாய்மாமன்.

அந்த ஜனவரியில் பார்க் ஜோங் சுல் என்ற மாணவர் போலீஸ் சித்திரவதையில் இறந்தார். ஏப்ரலில் சுன், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும்படி சட்டத்தை மாற்ற முடியாது என்று கதவைச் சாத்தினார். ஜூன் 10 அன்று தன் கூட்டாளி ரோ டே வூவை அதிபர் வேட்பாளராக அறிவித்த அன்றே தெருக்கள் நிரம்பின. டை கட்டிய ஆபீஸ்காரர்களும் மாணவர்களோடு சேர்ந்தார்கள். இன்னொரு குவாங்ஜு நடந்திருக்கலாம். ஆனால் போட்டிக்குப் பதினைந்து மாதம்தான் பாக்கி, உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, ராணுவத்தை இறக்க வேண்டாம் என்று அமெரிக்காவும் சொன்னது. ஜூன் 29 அன்று ரோவே நேரடித் தேர்தலுக்கு ஒப்புக்கொண்டார்.

வேடிக்கை என்னவென்றால், டிசம்பர் தேர்தலில் ஜெயித்ததும் அதே ரோதான். எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யங் சாம், கிம் டே ஜுங் இருவரும் தனித்தனியாக நின்று ஓட்டைப் பிரித்துவிட்டார்கள். 37 சதவீதம்கூட இல்லாமல் அவர் அதிபரானார். இந்தக் கதை நமக்கும் பழக்கமானதுதான்.

அதே மாணவி: அப்படியானால் எல்லா நாட்டிலும் அரசு இப்படிப் பணிந்திருக்க வேண்டுமே?

இல்லை. மெக்சிகோவில் 1968 ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குப் பத்தே நாள் முன்பு, அக்டோபர் 2 அன்று, ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். போட்டி குறித்த நாளில் நடந்தது. என் கணிப்பு இது: பதினைந்து மாதம் இருக்கும்போது போட்டி கைவிட்டுப் போய்விடும் என்று ஓர் அரசை மிரட்டலாம். பத்து நாள் இருக்கும்போது முடியாது, விருந்தாளிகள் ஏற்கனவே வந்து இறங்கியிருப்பார்கள்.

சேலம், வங்கி ஊழியர்: 1982 டெல்லி ஏஷியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) என்றாலே அப்பா கலர் டிவி வந்த கதையைத்தான் சொல்வார். அதற்கு மேல் ஏதாவது உண்டா?

அப்பா சொல்வது சரிதான். அந்த ஆகஸ்ட் 15இல்தான் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. ஆக்கியில் பாகிஸ்தானிடம் 7-1 என்று தோற்றதையும் வண்ணத்தில் பார்த்தோம், அதை விடுங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு தீர்ப்பு. ஸ்டேடியமும் மேம்பாலமும் கட்டிய தொழிலாளர்களுக்கு அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமாதார், அதாவது ஆள்பிடித்து வரும் மேஸ்திரி, ஒரு ரூபாயை எடுத்துக்கொள்வார். பெண்களுக்கு ஏழு ரூபாய்தான். பி.யூ.டி.ஆர். என்ற உரிமை அமைப்பு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. உச்ச நீதிமன்றம் அதையே வழக்காக எடுத்துக்கொண்டது. போட்டிக்கு இரண்டு மாதம் முன்பு தீர்ப்பு வந்தது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு. இன்றும் கூலி வழக்குகளில் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த ஸ்டேடியத்தில் ஓடிய பந்தயங்கள் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

இதன் மறுபக்கம் பஞ்சாப். விழா நேரத்தில் டெல்லியில் ஆர்ப்பாட்டம் செய்வோம் என்று சீக்கியர்களின் கட்சியான அகாலி தளம் அறிவித்தது. உடனே பஜன்லாலின் ஹரியானா அரசு, டெல்லி போகும் சீக்கியர்களை வழியில் நிறுத்திச் சோதனை போட்டது. ஓய்வுபெற்ற ராணுவ உயர் அதிகாரிகள்கூடத் தப்பவில்லை. விழா அமைதியாக முடிந்தது. அந்த அவமானம் ஆறவில்லை. பிறகு பஞ்சாபில் வெடித்த வன்முறைக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணம், ஆசிரியர்: ஐயா, 2013இல் கொழும்பில் காமன்வெல்த் நாட்டுத் தலைவர்களின் மாநாடு நடந்தது. அதனால் எங்களுக்கு என்ன கிடைத்தது?

நீங்கள் கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

மாநாடு நவம்பர் 15இல். அதற்கு எட்டு வாரம் முன்பு, செப்டம்பர் 21இல், வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் வைத்தார்கள். 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பிடித்தது, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். போர் முடிந்து நான்கு ஆண்டாக நடக்காத தேர்தல் அந்த நேரத்தில் நடந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கனடாப் பிரதமர் ஹார்ப்பர் வரவில்லை. தமிழ்நாட்டின் எதிர்ப்புக்குப் பிறகு மன்மோகன் சிங்கும் வரவில்லை, வெளியுறவு அமைச்சரை அனுப்பினார். பிரிட்டன் பிரதமர் கேமரன் வந்தார், ஆனால் தொடக்க நாளிலேயே யாழ்ப்பாணம் போனார். காணாமல் போனவர்களின் தாய்மார் படங்களோடு சூழ்ந்துகொண்டதை உலகமே பார்த்தது. மார்ச் மாதத்துக்குள் நம்பத்தகுந்த விசாரணை இல்லையென்றால் ஐ.நா.வில் கேட்போம் என்று கெடு வைத்தார். 2014 மார்ச்சில் மனித உரிமைப் பேரவையின் தீர்மானம் சர்வதேச விசாரணைக்கு வழிவிட்டது. பெருமைக்காகக் கூட்டிய மாநாடு ராஜபக்சவுக்கே வினையாக வந்தது. அந்தத் தாய்மார் இன்னும் படங்களோடு நிற்கிறார்கள் என்பதும் உண்மை.

ராமநாதபுரம், தோஹாவிலிருந்து திரும்பியவர்: கத்தாரில் உலகக் கோப்பைக்காகச் சட்டத்தை மாற்றினார்கள் என்கிறார்களே. நான் இருந்தபோது கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கையெழுத்து இல்லாமல் கம்பெனி மாற முடியாது.

மாற்றினார்கள் அண்ணே, ஆனால் ஆமை வேகத்தில். 2010 டிசம்பரில் போட்டி கிடைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் புகார் போய், அதோடு ஒப்பந்தம் போட்டது 2017இல். அந்த ஜூனில் சவூதியும் மற்ற அண்டை நாடுகளும் கத்தாரை முற்றுகையிட்டிருந்தன. நண்பர்கள் தேவைப்பட்ட நேரம். நாட்டைவிட்டு வெளியேற முதலாளி தர வேண்டிய எக்ஸிட் பெர்மிட் 2018இல் பெரும்பாலோருக்கு நீக்கப்பட்டது. முதலாளியின் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணையில்லாச் சான்று, இல்லாமல் வேலை மாறலாம் என்ற சட்டம் 2020இல் வந்தது. 2021 மார்ச்சிலிருந்து அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1000 ரியால். பத்தாண்டில் பெரும்பகுதி கட்டுமானம் அதற்குள் முடிந்துவிட்டது. கம்பெனி மாறப் போனவர் மேல் முதலாளி 'ஓடிப்போய்விட்டான்' என்று கேஸ் போடுவதும் நிற்கவில்லை.

புதுச்சேரி: விழாக் கூச்சலில் கசப்பான அறிவிப்புகளை நுழைத்துவிடுவார்களாமே?

2018 ஜூன் 14. மாஸ்கோவில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம். அன்றைக்குத்தான் ரஷ்ய அரசு ஓய்வூதிய வயதை உயர்த்தப்போவதாக அறிவித்தது. போட்டி நடக்கும் நகரங்களில் ஆர்ப்பாட்டங்களுக்குக் கட்டுப்பாடு வேறு இருந்தது. இருந்தும் எதிர்ப்பு கிளம்பி, பெண்களுக்கான உயர்வை மட்டும் புதின் கொஞ்சம் குறைத்தார்.

கோவை, வழக்கறிஞர்: வேண்டாம் என்று சொன்ன ஊர் உண்டா?

உண்டு. 1976 குளிர்கால ஒலிம்பிக் அமெரிக்காவின் டென்வருக்குக் கிடைத்திருந்தது. 1972 நவம்பரில் கொலராடோ மாநில மக்கள் வாக்களித்துப் பணம் கொடுக்க மறுத்தார்கள். போட்டி ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்குக்குப் போயிற்று. எதிர்ப்பை நடத்திய டிக் லாம் அடுத்த தேர்தலில் அங்கே ஆளுநரானார். அதே 1976இல் கோடைப் போட்டியை நடத்திய மான்ட்ரியல் கடனைக் கட்டி முடித்தது 2006இல்.

அகமதாபாத் மணிநகர்த் தமிழர்: எங்கள் ஊர்க்காரர்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?

2010 டெல்லி காமன்வெல்த் போட்டியைப் பாருங்கள். 2003இலேயே கிடைத்தது. ஏழு ஆண்டைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று தணிக்கை அதிகாரி பிறகு எழுதினார். கடைசியில் அவசரம் என்ற பெயரில் ஒப்பந்த விதிகள் தளர்ந்தன. ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் நடைபாலம் இடிந்தது. 2011 ஏப்ரலில் அமைப்புக்குழுத் தலைவர் கல்மாடி ஊழல் வழக்கில் கைதானார். அதே மாதம்தான் அண்ணா ஹசாரேயும் ஊழலுக்கு எதிராக உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.

உங்களுக்கு இன்னும் சில ஆண்டு இருக்கிறது. எந்த நிலம் எடுக்கப்படும், நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்று இப்போதே தகவல் உரிமை மனு போடுங்கள். 2029இல் கேட்டால் வேலை நடக்கிறது, தொந்தரவு செய்யாதே என்பார்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.