பிடென் நொதி புற்றுநோயை எப்படித் தடுக்கிறது?

பிடென் (PTEN) என்பது நம் செல்களுக்குள் வேலை செய்யும் ஒரு நொதி, 1997-ல் கண்டறியப்பட்டது. வளர்ச்சிக்கான சிக்னல் வந்ததும் பிஐ3கே என்ற வேறொரு நொதி செல் சவ்விலுள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறில் பாஸ்பேட் ஒன்றை ஒட்டிவிடும், உடனே ஏகேடி என்ற புரதம் அங்கே வந்து முடுக்கிவிடப்பட்டு, 'வளர், பிரி, சாகாதே' என்று செல்லை விரட்டும். பிடென் அந்த ஒரே ஒரு பாஸ்பேட்டைக் கழற்றிவிடுகிறது. சின்ன வேலைதான், ஆனால் எவ்வளவு முக்கியமான வேலை! மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை அணைக்கும் ஆள் மாதிரி. அவர் இல்லையென்றால் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். கருப்பை உட்சுவர், புராஸ்டேட் புற்றுநோய்களில் பிடென் பழுதாகியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். அப்புறம், 'பிடென் புற்றுநோய் மரபணு' என்று கேள்விப்பட்டுப் பலர் பயப்படுகிறார்கள்: இந்த நொதியை உருவாக்கும் அந்த மரபணு எல்லோரிடமும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும், அது செயலிழப்பதுதான் ஆபத்து.