ஊர்ப் பொதுவில் மழைநீர் சேமிப்பு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, குளத்தைத் தூர்வாரி இரண்டு வருடம் ஆகிறது. நல்ல மழை பெய்தும் நிறையவில்லை. இன்னும் ஆழப்படுத்தலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அடுத்த மழையின்போது குடையைப் பிடித்துக்கொண்டு குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரமாக நடந்து பாருங்கள். எங்காவது வண்டிப்பாதை குறுக்கே போயிருக்கும், அடியில் குழாய் பதித்திருக்க மாட்டார்கள். இல்லையென்றால் யாரோ வரப்பை ஓரடி தள்ளிப் போட்டிருப்பார். தண்ணீர் அங்கேயே திசை மாறிவிடும். தூர்வாருவதற்குக் கூடுகிற கூட்டம் கால்வாய் வெட்ட வருவதில்லை, என்ன செய்ய! அப்புறம், கண்டபடி தோண்டினால் அடியிலுள்ள களிமண் படுகை உடைந்து, வந்த தண்ணீரும் நிற்காமல் இறங்கிவிடும். மடை மட்டத்துக்குக் கீழே நிற்பது வயலுக்கும் பாயாது.

கேள்வி: பள்ளிக்கூட மொட்டைமாடி 100 சதுர மீட்டர். 50 பிள்ளைகள் குடிக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

பதில்: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். சிந்துவது, காய்வது போக 80 சதவீதம் கைக்கு வரும் என்று வையுங்கள். தலைக்கு 3 லிட்டர் வீதம் 100 நாளுக்கு 15,000 லிட்டர் தேவை. அது நிரம்ப ஏறக்குறைய 190 மி.மீ. மழை போதும். முதல் மழை மாடியைக் கழுவட்டும். அதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். குடிக்குமுன் கொதிக்க வைப்பது நல்லது.

கேள்வி: குட்டை அகலமாக வெட்டலாமா, ஆழமாகவா?

பதில்: தேக்கி வைக்கவா, நிலத்தடிக்கு இறக்கவா? தேக்க என்றால் ஆழம்தான். வறண்ட ஊர்களில் திறந்த நீர்ப்பரப்பு வருடத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர்கூடக் காய்ந்துபோகும். இறக்க என்றால் அகலமாக இருக்கலாம். அடியில் படியும் வண்டலை மட்டும் வருடா வருடம் சுரண்டி எடுங்கள். வயலுக்கு நல்ல எரு அது.

கேள்வி: தெருவில் ஓடும் தண்ணீரை அப்படியே போர்வெல் குழிக்குள் விடலாமா?

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: தடுப்பணை கட்டியதும் கிணறுகள் ஊறின. உடனே ஆளாளுக்குப் போர் போட்டார்கள். மறுபடியும் வறட்சி.

பதில்: எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான். மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜாரில் பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடக்கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது. பெய்த மழையைக் கணக்குப் பார்த்துத்தான் என்ன பயிர் என்று முடிவு செய்கிறார்கள். உங்கள் ஊரில் மழைமானி ஒன்று வையுங்கள், கிணற்று மட்டத்தை மாதாமாதம் பலகையில் எழுதுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு கூட்டத்தில் சண்டை கொஞ்சம் குறையும்.

கேள்வி: தொட்டியில் கொசு வருகிறதே, அண்ணா?

பதில்: மூடியைப் பார்த்திருப்பீர்கள். உபரி நீர் வழியும் குழாய் வாயில் வலை கட்டினீர்களா?