நடுக்கம் அடங்கியது, தூக்கம் போனது

கேள்வி: பார்க்கின்சன் நோய்க்காக என் கணவருக்கு நான்கு மாதங்களுக்கு முன் ஆழ்மூளைத் தூண்டல் அறுவை சிகிச்சை (மார்பில் வைத்த கருவியிலிருந்து மெல்லிய கம்பி வழியே மூளைக்குள் மின்துடிப்பு செலுத்தும் சிகிச்சை) நடந்தது. கை நடுக்கம் வெகுவாக அடங்கிவிட்டது. மாத்திரைகளையும் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஆனால், இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை கண் மூடுவதில்லை. கால்களைத் தேய்த்துக்கொண்டே கூடத்தில் நடக்கிறார். மார்பில் வைத்துள்ள கருவியை இரவில் மட்டும் அணைத்து வைக்கலாமா?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் அணைத்துவிடாதீர்கள், சகோதரி. நடுக்கம் மட்டுமே நோயாக உள்ள சிலருக்கு இரவில் கருவியை அணைக்குமாறு மருத்துவர்களே சொல்வதுண்டு. பார்க்கின்சன் நோயாளியின் நிலை வேறு: தூண்டல் நின்றால் உடல் விறைத்து, படுக்கையில் புரளக்கூட முடியாமல் போகலாம், அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். திடீர் நிறுத்தம் சிலருக்கு ஆபத்தாகவும் முடிந்திருக்கிறது.

இந்தச் சிகிச்சைக்குப் பின் உடல் இறுக்கம் தளர்வதால் பலர் முன்பைவிட நன்றாகவே தூங்குகிறார்கள். சிலருக்கு மட்டும் தூக்கம் குலைகிறது. நொடிக்கு ஏறத்தாழ 130 முறை செல்லும் மின்துடிப்பு, இலக்கைத் தாண்டி அருகிலுள்ள நரம்புப் பாதைகளையும் தொட்டுவிடுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனால், உங்கள் கடிதத்தில் என் கவனத்தை நிறுத்தியவை அவர் கால்களைத் தேய்த்துக்கொண்டு நடப்பதும், மாத்திரைகள் பாதியானதும்தான். அறுவைக்குப் பின் டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த பார்க்கின்சன் மருந்துகளைக் குறைக்கும்போது, அதுவரை அம்மருந்துகள் அடக்கி வைத்திருந்த கால் குடைச்சல், அதாவது அமைதியற்ற கால் நோய், தலைதூக்குவதுண்டு. ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவும் இதை வளர்க்கும் என்பதால், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அமாண்டடின், செலிஜிலின் போன்ற பார்க்கின்சன் மாத்திரைகளை மாலையில் கொடுத்து வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவையும் தூக்கத்தை விரட்டக்கூடியவை.

இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் அவர் படுத்த நேரம், விழித்த நேரம், கால் குடைச்சல் தொடங்கிய நேரம், மாத்திரை வேளை ஆகியவற்றை எழுதி வாருங்கள். கருவியின் தூண்டல் அளவை மருத்துவமனையில் மாற்றிய தேதிகளையும் அதே பக்கத்தில் குறியுங்கள். மாற்றிய ஓரிரு நாளில் தூக்கம் கெட்டிருந்தால் தூண்டலின் மீதும், மாத்திரை குறைந்த பின் கெட்டிருந்தால் மருந்தின் மீதும் மருத்துவரின் பார்வை முதலில் போகும். பெரும்பாலும் இரண்டையுமே சரிசெய்ய இடமுண்டு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமே தேவையில்லை என்பது போன்ற அளவுகடந்த உற்சாகம், ஓயாத பேச்சு, கண்மூடித்தனமான செலவு ஆகியவை தென்பட்டால், அது தூண்டல் மனநிலையைப் பாதிப்பதன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள்.